திருப்தியில் ஓடும் கப்பல்

ஆனந்தவல்லி என்ற அந்தப் புதுக் கப்பல் பயணிகளின் திருப்தியால் ஓடியது. டீசல் இல்லை, நிலக்கரி இல்லை, பாய்மரமும் இல்லை. தொள்ளாயிரம் பேர் ஏறி உட்கார்ந்து, சாப்பிட்டு, சிரித்து, ஆகா என்ன சுகம் என்று நினைத்தால் அது முன்னால் போகும். முகம் சுளித்தால் நிற்கும். இன்னும் சுளித்தால் பின்னால் வரும். ஊர் திரும்புவதற்கும் அதே ஏற்பாடுதான். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில் உப்பே போடமாட்டார்கள். குழாய்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தொள்ளாயிரம் பேரும் எரிச்சலடைய, கப்பல் பின்பக்கமாகவே நகர்ந்து சாயங்காலம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். பயண அட்டவணையில் 'உப்பில்லாச் சாப்பாடு, பகல் ஒரு மணி' என்றே அச்சடித்திருந்தார்கள்.

முதல் பயணத்தில் தவசிமுத்துவும் அவர் மனைவி சொர்ணத்தாயும் ஏறினார்கள்.

தவசிமுத்து முப்பத்தெட்டு வருஷம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தார். படிக்கக் கிடைக்காதபோது அவரே எழுதினார். ஊரில் எது திறக்கப்பட்டாலும் வெளியே கறுப்புக் கொடியோடு நிற்பார். இந்தக் கப்பலின் திறப்பு விழாவுக்கும் நின்றார். எதற்காக எதிர்க்கிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, "முதல்ல எதிர்த்துக்கிடுதேன், காரணம் சாயங்காலம் துண்டறிக்கையில வரும்" என்றார். வந்தது. இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்தில்.

இரண்டு பேருக்கான டிக்கெட் சொர்ணத்தாய்க்கு விழுந்தது. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிக் குலுக்கலில் அவள் சீட்டை எடுத்தார்கள். அவளுக்கு ஒரே ஆசைதான். நாலு பக்கமும் தண்ணீராக இருக்கும் ஓர் இடத்தில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் பிறந்து, உப்பளத்தில் வேலைபார்த்து, ஐம்பத்தொன்பது வயதாகியும் அவள் கரை ஒட்டாத கடலைப் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓரத்தில் ஓர் உப்புக் குவியல் நிற்கும், இல்லையென்றால் கிரேன் நிற்கும். எதுவுமே இல்லாவிட்டால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நின்றுகொண்டிருக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் கூட்டிப்போன பயணங்கள் நான்கு. குற்றாலத்துக்குப் போன பஸ்ஸை அவரே பாதியில் இறங்கி மறித்தார். திருச்செந்தூர் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் வருவதற்குள் அவரைக் கைதுசெய்தார்கள். மற்ற இரண்டைப் பற்றி அவள் பேசுவதில்லை.

"ரெண்டே நாளு," என்றாள் கப்பலின் படியில் ஏறும்போது. "ஒண்ணையும் எதிர்க்காம வாங்க. வேற எதுவும் நான் கேக்கல."

"நான் எங்க எதிர்க்கேன்? என் பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்திருப்பேன்."

உட்கார்ந்துதான் இருந்தார். கப்பல் பிரமாதமாகக் கிளம்பியது. ஒன்பது மணிக்கு இடியாப்பமும் சொதியும் போட்டார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டது. பத்து மணிக்கு மேல்தளத்தில் மேளம் கொட்டினார்கள். மீன்பிடிப் படகுகளையெல்லாம் தாண்டியது. விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி பால்துரை, எழுபது வயது மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஆடவைத்தார். அந்த அம்மாள் ஆடிய ஆட்டத்தில் கப்பல் ஒரே தாவாகத் தாவி, பக்கத்தில் பறந்த கடற்காக்கைகள் பின்தங்கிப்போயின. முகப்புக் கூடத்தின் சுவரில் திருப்தியைக் காட்டும் பெரிய வட்டக் கருவி இருந்தது. அதன் முள் எண்பதில் நின்று நடுங்கியது.

பதினொன்றேகாலுக்கு முள் இறங்க ஆரம்பித்தது. பதினொன்றரைக்குக் கப்பல் நின்றது.

திருப்தி அதிகாரி ஜெசிந்தா காதில் குழாயை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் வைப்பதைப் போல ஒவ்வொரு பயணியின் நெஞ்சிலும் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். தொள்ளாயிரம் பேர் என்பதால் கொஞ்ச நேரம் ஆனது. பின்பக்கத்தில் மர நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்த தவசிமுத்துவின் நெஞ்சில் வைத்ததும் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சார், இங்கதான் சிக்கியிருக்கு."

"என்ன சிக்கியிருக்கு?"

"முள்ளு, சார். நீங்க எதுலயோ அதிருப்தியா இருக்கிய."

"எதுலயோ இல்லம்மா," என்றார் தவசிமுத்து கனிவாக. "எல்லாத்துலயும்."

ஒரு தனிமனிதனின் அதிருப்தி கப்பலை நிறுத்தாது என்று இதைக் கட்டிய நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிபுணர்கள் யாரும் உப்பளப் பக்கம் வந்ததில்லை. தவசிமுத்துவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் கைப்பிடிக் கம்பியோரம் சொர்ணத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நேர் எதிரே, கடலும் வானமும் சேருமிடத்தில், புகைபோக்கிகள் கொளுத்திப்போட்ட ஊதுபத்திகள் போல நின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவர் பெருமையை உள்ளே தள்ளிவிட்டு, திருப்தியாக இருக்க மனதார முயற்சி செய்தார்.

ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாப்பிட்டார். மாயாஜாலம் செய்கிறவனைக் கூட்டிவந்தார்கள். அவன் தொப்பியிலிருந்து புறாவை எடுத்தான். அந்தப் புறா எத்தனை மணி நேரமாகத் தொப்பிக்குள் இருக்கிறது என்று தவசிமுத்து விசாரித்தார். பிறகு முதுகைப் பிசைந்துவிடும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாலு போலீஸ் ஸ்டேஷன்களில் லத்தியடி வாங்கிய முதுகை ஒரு நாற்காலி தடவிக்கொடுப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. கப்பல் மூன்றடி பின்னால் போனது.

பால்துரை வந்து பக்கத்தில் குந்தினார்.

"அண்ணாச்சி, எங்க மாமியாவே சந்தோசமா இருக்கு. கல்யாணத்தன்னைக்கிக்கூட அது சிரிச்சதில்ல. உங்களுக்கு என்ன கேடு?"

"சிரிக்கதுக்கு ஒரு காரணம் வேணும்லா."

"இடியாப்பம் நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் சந்தேகமா இருக்கு."

மூன்று மணிக்குக் கேப்டன் மச்சாதுவே இறங்கி வந்தார். தங்கமான மனிதர். யார் எது கேட்டாலும் கொடுத்துப் பழகியவர். அவர் சட்டையில் இருந்த நான்கு பட்டைகளில் இரண்டைச் சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று காலையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"அண்ணாச்சிக்கு என்ன வேணும்? சொல்லுங்க, செஞ்சிருவோம்."

தவசிமுத்துவின் சட்டைப்பையில் எப்போதும் பதினேழு அம்சக் கோரிக்கைப் பட்டியல் ஒன்று இருக்கும். நிர்வாகத்தின் பெயர் எழுத மட்டும் மேலே இடம் விட்டிருக்கும். அதை எடுத்துக் கொடுத்தார். கேப்டன் படிக்கவில்லை. "பதினேழும் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு மூணு சேத்துக்கிடுதியளா? இருபதா இருக்கட்டும்."

தவசிமுத்துவின் முகம் கறுத்துப்போனது. உப்பளத்தில் கால் வெந்து புண்ணாகாமல் இருக்க ரப்பர் செருப்பு கேட்டு அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்த சங்கம் அது. அறுபத்தொன்றாம் நாள் கிடைத்தது இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. இங்கே ஒரு மனிதன் உட்காரக்கூட இல்லாமல், நின்ற நிலையில், பதினேழையும் தூக்கிக் கொடுத்துவிட்டான். போராடாமல் கிடைத்த கோரிக்கையை அவர் என்ன செய்வார்? காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகப்புக் கூடத்தில் முள் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. சாயங்காலத்துக்குள் ஊதுபத்திகளாக இருந்த புகைபோக்கிகள் உலக்கைகளாயின.

அன்று சொர்ணத்தாய் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "படுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எழுந்ததும் தலையை முடிந்துகொண்டு நேராகக் கேப்டனின் அறைக்குப் போனாள். தவசிமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனாள். உப்பில்லாச் சாப்பாட்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

"நீங்க தப்பு பண்ணிட்டிய, கேப்டன் தம்பி," என்றாள். "இவுகளுக்குக் கேட்டதக் கொடுக்கக்கூடாது."

"கொடுத்தாத்தானக்கா திருப்தி?"

"ஊருக்கு அப்படி. இவுகளுக்கு வேற. முப்பத்தொம்பது வருசமா பாக்கேன். முதல் கடுதாசிய வாங்கவே கூடாது. ரெண்டாவது கடுதாசிய வாங்கிட்டு, அப்படி ஒண்ணு வரவே இல்லங்கணும். மூணாவதுக்கு, இதுக்கெல்லாம் சட்டத்துல இடமில்லங்கணும். அதுக்குப் பெறகுதான் டீ கொடுத்துப் பேசக் கூப்பிடணும். டீய இவுக குடிக்கமாட்டாக. நீங்க மட்டும் குடிக்கணும்."

கேப்டன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தவசிமுத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதில் எதுவும் தப்பில்லாததால் குறுக்கிடவில்லை. ஒரு இடத்தில் மட்டும், "டீ ஆறியிருக்கணும்" என்று திருத்தினார்.

உடனே ஒத்திகை பார்த்தார்கள். தவசிமுத்து கடிதத்தை நீட்டினார். கேப்டன், "முடியாது" என்றார். முகப்புக் கூடத்தில் முள் கொஞ்சம் ஏறி, உடனே விழுந்தது.

"மனசார மறுக்கணும்," என்றார் தவசிமுத்து. "உங்க கண்ணுல 'எடுத்துக்கிடுங்க'ன்னு இருக்கு."

"எனக்கு வரமாட்டேங்கு, அண்ணாச்சி. யாராவது கேட்டா எனக்குக் கை தானா நீளும்."

பணியாட்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ஓய்வு கேட்டுப்பார்த்தார். கேப்டனின் கண்கள் கலங்கின. நாலு நாள் கொடுக்கலாமா என்றார். கப்பலின் பெயரை மாற்றச் சொல்லிப்பார்த்தார். பெயிண்ட் டப்பா வந்துவிட்டது. கப்பலையே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார். கேப்டன் பேனாவைத் தேடினார். ஒன்பதரை ஆகிவிட்டது.

சொர்ணத்தாய் இவர்களைக் கவனிக்கவில்லை. மேஜையில் கேப்டனின் காலைச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. தட்டில் இட்லி. இட்லி ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மாசிச் சம்பலா தம்பி?"

கேப்டனின் வலதுகை மெல்ல நகர்ந்து மேஜையின் கீழ் இழுப்பறையைத் தள்ளிச் சாத்தியது.

"எங்க அக்கா இடிச்சுக் கொடுத்தது," என்றார். "மாசிக் கருவாடு, வத்தல், சின்ன வெங்காயம். உரல்ல போட்டு இடிப்பா. ஒரே ஒரு புட்டி."

"நல்லாருக்குமோ?"

கேப்டன் இழுப்பறையைச் சாவி போட்டுப் பூட்டினார்.

சொர்ணத்தாய் கணவரைப் பார்த்தாள். தவசிமுத்து இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். பதினேழு அம்சப் பட்டியலைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். 'கேப்டனின் இழுப்பறையில் உள்ள சம்பல் புட்டி, பயணிகள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட வேண்டும்.'

"முடியாது!" என்றார் கேப்டன் மச்சாது.

கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி முன்னால் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் கடிதத்தைக் கேப்டன் கையால் தொடவில்லை. இரண்டாவதை வாங்கிக் கடலில் போட்டுவிட்டு, அப்படியொன்று வரவில்லை என்றார். மூன்றாவதுக்கு, தனியார் சம்பல் விஷயத்தில் கடல்சார் சட்டத்தில் இடமில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பத்தரை மணிக்கு முகப்புக் கூடத்தில் தவசிமுத்து ஒரு நாற்காலி மேல் ஏறி வாயிற்கூட்டம் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கப்பலில் தொள்ளாயிரம் வாய்கள், சம்பல் தொடுவதோ ஒரே வாய்" என்று ஆரம்பித்தபோது அவருக்கு இருபது வயது குறைந்தது. முள் எழுபதுக்கு ஏறியது.

பயணிகளுக்கும் தொற்றிக்கொண்டது. நேற்றிலிருந்து ஆடியும் பாடியும் அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. கோபப்பட யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. பால்துரை தன் வியாபாரக் குரலில் எடுத்துக் கொடுத்தார்.

"பூட்டாதே பூட்டாதே!"

"புட்டியைப் பூட்டாதே!"

"ஆளுக்கொரு கரண்டி!"

"அதுவரைக்கும் போராட்டம்!"

அவர் மாமியார் முன்வரிசையில் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். புதுமணத் தம்பதிகள் கை கோத்து மறியல் செய்தார்கள். மாயாஜாலக்காரன் தொப்பியிலிருந்து கொடிகளாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஜெசிந்தா காதுக்குழாயைக் கழற்றிவிட்டு, கோஷத்தில் இரண்டாவது வரி சொன்னாள். கேப்டனோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மறுத்த மகிழ்ச்சியில் மேல்தளத்தில் குதித்துக் குதித்து, "ஒரு துளிகூடத் தரமுடியாது! மூடியக்கூடக் காட்டமுடியாது!" என்று கத்தினார். ஆனந்தவல்லி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. எதிரே வந்த ஒரு சரக்குக் கப்பல் ஒதுங்கி வழிவிட்டு, மரியாதைக்கு ஒரு கொடியும் காட்டியது.

ஒரு மணிக்கு அட்டவணைப்படி உப்பில்லாச் சாப்பாடு பரிமாறினார்கள். யாரும் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கே உண்ணாவிரதம் அறிவித்திருந்தார்கள். சாப்பிடாதவர்களுக்கு உப்பில்லாதது தெரியாது. குழாய்களில் தண்ணீர் நின்றது. அதை இரண்டாவது கோரிக்கையாகச் சேர்த்து இன்னும் மகிழ்ந்தார்கள். கப்பல் திரும்பவில்லை.

சொர்ணத்தாய் பின்பக்கக் கம்பியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உலக்கைகள் ஊதுபத்திகளாகி, ஊதுபத்திகள் ஊசிகளாகி, மூன்று ஊசி மறைந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள். இன்னும் இருந்தது.

அப்போதுதான் கேப்டன் கீழே இறங்கி வந்தார். கையில் புட்டி இருந்தது.

"மனசு கேக்கல, அண்ணாச்சி," என்றார். "சின்னப் பிள்ளைக வெயில்ல நின்னு கத்துது. எடுத்துக்கிடுங்க. ஆளுக்கொரு கரண்டி."

தவசிமுத்து புட்டியைப் பார்த்தார். எந்தப் போராட்டத்திலும் நிர்வாகம் தானாக இறங்கி வந்து, கேட்டதை முழுசாக, குறைக்காமல் அவர் கையில் கொடுத்ததில்லை. இது முழு வெற்றி. கையை நீட்டினால் போதும். நீட்டினால் கரண்டிகள் வரும், கோஷம் நிற்கும், கப்பலும் நிற்கும், பசித்தவர்கள் உப்பில்லாச் சாப்பாட்டில் கை வைப்பார்கள். அவர் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். சொர்ணத்தாயின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் அந்த ஒரு ஊசி.

அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தத்தின் கடைசி நாளில், ஆளுக்கொரு ஜோடி என்று நிர்வாகம் இறங்கிவரும் நேரத்தில், ஞானப்பழம் என்ற கூட்டாளி சங்கத்தை இரண்டாக உடைத்துக்கொண்டு வெளியேறினார். உடைந்த சங்கத்துக்குப் பாதிச் செருப்புதான் கிடைத்தது. அதன்பிறகு இருபத்தாறு வருஷம் தவசிமுத்து அவரோடு பேசவில்லை. ஞானப்பழம் செத்தபோதும் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு வந்தார். சங்கத்தை உடைக்கிறவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று அவர் எழுதிய துண்டறிக்கை ஏழு பதிப்பு வந்தது.

தவசிமுத்து நாற்காலியிலிருந்து இறங்கினார். கூடத்தின் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்த இன்னொரு நாற்காலியில் ஏறினார்.

"தோழர்களே! அந்த நாற்காலியில் இவ்வளவு நேரம் நின்றவன் விலைபோய்விட்டான். ஆளுக்கொரு கரண்டி போதுமென்று கையெழுத்துப் போடப்போகிறான். நமக்கு இரண்டு கரண்டி வேண்டும்! இதோ, புதிய சங்கம் பிறந்துவிட்டது!"

முள் ஒரு சுற்று முழுசாகச் சுற்றியது.

பால்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அப்ப பழைய சங்கத்துக்கு யாரு தலைவரு?"

"தவசிமுத்து."

"அது நீங்கதான?"

"ஆமா. அவன நம்பாதயும்."

"சரி அண்ணாச்சி," என்ற பால்துரை அந்தப் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்து, "தவசிமுத்து ஒழிக!" என்று ஆரம்பித்தார். அவர் மாமியார் பழைய சங்கத்திலேயே நின்றுகொண்டு, "தவசிமுத்து வாழ்க!" என்று திருப்பிக் கத்தினார். மருமகனும் மாமியாரும் இருபது வருஷம் மனசில் வைத்திருந்ததையெல்லாம் அந்த இரண்டு கோஷத்துக்குள் போட்டுக் கத்தினார்கள். இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. சங்கங்கள் இரண்டாயின, நாலைந்து பேச்சாளர்கள் ஐம்பதாயினர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரே தரப்பு இல்லாததால் கேப்டன் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தோஷமாக மேலே ஏறிப்போனார். கப்பல் தண்ணீரில் பட்டும் படாமலும் போனது.

நாற்காலி மேல் நின்ற தவசிமுத்துவுக்கு உள்ளே ஏதோ வலித்தது. ஞானப்பழத்துக்கும் அன்றைக்கு யாராவது கம்பியோரம் நின்றுகொண்டிருந்தார்களோ என்னவோ. அவர் இறங்கிப் பின்பக்கம் நடந்தார். வழியில் இரண்டு சங்கத்துக்காரர்களும் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது சரிதான் என்று அவருக்குப் பட்டது.

சொர்ணத்தாய் அசையாமல் நின்றிருந்தாள்.

"புகைபோக்கி போயிட்டா?" என்று கேட்டார்.

"பேசாதீங்க."

அவள் கம்பியை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினாள். கிழக்கே தண்ணீர். தெற்கே தண்ணீர். மேற்கே வரும்போது ஒரு கணம் நின்று, பிறகு மிச்சத்தையும் சுற்றி முடித்தாள். ஒரு தடவைதான் என்று சொல்லியிருந்தாள். மூன்று தடவை சுற்றினாள். மூன்றாவது சுற்றில் தலைசுற்றி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவசிமுத்துவும் சிரித்தார். எதைக் கேட்டும் இல்லை, எதை எதிர்த்தும் இல்லை. உள்ளே கூடத்தில் முள் கழன்று விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் நிற்காமல் ஓடிய கப்பல், மூன்றரை மணிக்கு அடிவானத்தில் போய் மெல்ல முட்டி நின்றது. கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டு ஏணியை இறக்கச் சொன்னார். அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். அடிவானம் இடுப்பு உயரத்தில், கொடிக்கயிறு போலக் கொஞ்சம் தொய்ந்து, ஈரமாக இருந்தது. தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். சொர்ணத்தாய் குனிந்து, கொண்டை படாமல், அந்தப் பக்கம் போனாள்.

"எப்படி இருக்கு?"

"இப்பதான் மழை பெஞ்சு விட்டிருக்கு," என்றாள். "பாத்து வாங்க, வழுக்கும்."

அவர் குனிந்தார். பின்னால் வரிசையில் நின்ற பால்துரையின் மாமியார் கையை நீட்டி, அடிவானத்தை அவரிடமிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டார்.